தயங்காதே, விண்ணப்பி!

பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கும் தம்பியே, தங்கையே! உனக்கு ஆட்டிசம் இருக்கிறது. சுற்றி வளைத்துப் பேசினால் உனக்குப் பிடிக்காது. ஆகவே நேராகவே சொல்கிறேன். நீ கல்லூரிக்குப் போகலாம். உனக்கு அங்கே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். படிப்பதற்குப் பணமும் ஒதுக்கியிருக்கிறார்கள். பலருக்கு அந்த இடமும் பணமும் போய்ச் சேராமல் இருப்பதற்குப் பெரிய காரணம், கேட்பதற்கு நம் குடும்பங்கள் படும் கூச்சம். அந்தக் கூச்சத்தை உடைத்தெறியத்தான் இதை எழுதுகிறேன்.

ஊர் மூன்று கேள்விகளை வைத்திருக்கிறது. "இவனால் படிக்க முடியுமா?" "இவளுக்குக் காசு செலவழித்து என்ன ஆகப்போகிறது?" "கல்லூரிக் கூட்டத்தையும் சத்தத்தையும் தாங்குமா இந்தப் பிள்ளை?" சொந்தக்காரர் கேட்பார், பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார், சில சமயம் ஆசிரியரே கேட்பார். கேட்டுக் கேட்டு அந்தக் குரல் நம் குரலாகவே மாறிவிடும். அதுதான் ஆபத்து. அந்த மூன்று கேள்விக்கும் இன்று பதில் சொல்லிவிடுவோம்.

முடியுமா என்று கேட்பவருக்கு

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1947-இல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. மூன்றரை வயது வரை பேச்சு வரவில்லை. காப்பகத்தில் விட்டுவிடுங்கள் என்று அன்றைய மருத்துவ உலகம் சொன்னது. தாய் மறுத்தார். பேச்சுப் பயிற்சி கொடுத்தார், பள்ளியில் சேர்த்தார். பள்ளியில் கேலி செய்த மாணவியின் மீது புத்தகத்தை வீசியதற்காக அந்தப் பெண் வெளியேற்றப்பட்டாள். அம்மா வேறு பள்ளி தேடினார். அந்தப் பள்ளியில் வில்லியம் கார்லாக் என்ற அறிவியல் ஆசிரியர் இருந்தார். ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் நோண்டும் அவளுடைய குணத்தைக் குறையாகப் பார்க்காமல், அதையே படிப்பின் பக்கம் திருப்பிவிட்டார்.

அந்தப் பெண் 1970-இல் உளவியலில் பட்டம் பெற்றார். 1975-இல் விலங்கு அறிவியலில் முதுகலைப் பட்டம். 1989-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். பிறகு கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். கால்நடைகள் மிரளாமல் நடந்துவரும்படி அவர் வடிவமைத்த வழித்தடங்கள் இன்று உலகின் பல நாடுகளில் இருக்கின்றன. அவர் பெயர் டெம்பிள் கிராண்டின். மாட்டின் கண்ணுக்கு எது மிரட்சி தருகிறது என்பதை அவரால் பார்க்க முடிந்ததற்குக் காரணம், சொற்களைவிடப் படங்களில் சிந்திக்கும் அவருடைய மூளை. எந்த மூளையால் எதுவும் ஆகாது என்றார்களோ, அந்த மூளைதான் அந்தத் தொழிலையே திருத்தி எழுதியது!

முடியுமா என்ற கேள்விக்கு விடை அவரிடம் இருக்கிறது. கதவை மூடாமல் பிடித்துக்கொண்ட ஒரு தாய், திறமையைக் கண்டுகொண்ட ஓர் ஆசிரியர், விடாப்பிடியாகப் படித்த ஒரு மாணவி. இந்த மூன்றும் சேர்ந்தால் முடியும்.

மேதையாக வேண்டியதில்லை

இங்கே ஒன்றை உரக்கச் சொல்ல வேண்டும். 1988-இல் 'ரெயின் மேன்' படம் வந்த பிறகு, ஆட்டிசம் என்றாலே கணக்கில் புலி, நினைவாற்றலில் சிங்கம் என்ற எண்ணம் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அப்படிப்பட்ட அபூர்வத் திறன் சிலருக்கு உண்டு. பலருக்கு இல்லை. உனக்கும் இல்லாமல் இருக்கலாம். அதனால் என்ன?

மற்ற மாணவர்கள் எல்லோரும் மேதைகளா? அறுபது மதிப்பெண் எடுத்து, ஓர் அரியரையும் எழுதி முடித்து, பி.காம். பட்டத்தோடு வெளியே வருபவர்கள்தானே பெரும்பாலோர்? அப்படிச் சாதாரணமாகப் படித்துச் சாதாரணமாகத் தேறும் உரிமை உனக்கும் முழுதாக உண்டு. "ஏதாவது தனித்திறமை இருக்கிறதா?" என்று கேட்பவரிடம் துணிந்து சொல்: "படிக்க ஆசை இருக்கிறது. அது போதும்."

பிளஸ் டூவையே வழக்கமான பள்ளியில் முடிக்க முடியவில்லையா? தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. ஒருமுறை பதிவு செய்தால் ஐந்து ஆண்டுகள் அவகாசம், ஒன்பது முறை தேர்வு எழுதும் வாய்ப்பு. ஒரு பருவத்தில் ஒரு பாடம் என்று எழுதித் தேறலாம். வேகம் உன்னுடையது. பட்டப்படிப்பு ஒத்துவராது என்றால் பாலிடெக்னிக் இருக்கிறது, ஐ.டி.ஐ. இருக்கிறது. கல்லூரிக்கே போக முடியாத பிள்ளையின் மதிப்பும் ஓர் இம்மி குறையாது. ஆனால் போக முடிந்த பிள்ளையை நம் பயத்தால் வீட்டில் உட்கார வைப்பது பாவம்!

பணம் ஒதுக்கியாகிவிட்டது

இனி இரண்டாவது கேள்வி, காசு.

1995-இல் மாற்றுத்திறனாளிகளுக்காக நம் நாடு இயற்றிய சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இடம்பெற்றன. அந்தப் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டது. ஆனாலும் இட ஒதுக்கீடு வரவில்லை. அதற்கு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வரக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சட்டம் பட்டியலை 21 வகைகளாக விரித்தது. ஆட்டிசம் அதில் ஏறியது. 2017 ஏப்ரல் 19 முதல் சட்டம் நடைமுறையில் இருக்கிறது.

அதன் 32-ஆம் பிரிவைக் கேள். அரசு உயர்கல்வி நிறுவனங்களும், அரசின் நிதியுதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களும், 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு 5 சதவீதத்துக்குக் குறையாமல் இடம் ஒதுக்க வேண்டும். சேர்க்கை வயதிலும் ஐந்து ஆண்டு தளர்வு தர வேண்டும். 17-ஆம் பிரிவு, தகுதியுள்ள மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்குவதை அரசின் கடமைகளுள் ஒன்றாகவே வைத்திருக்கிறது. கடமை என்று சட்டம் சொன்ன பிறகு அதை யாரும் தானம் என்று சொல்ல முடியாது. நீ கெஞ்சவும் வேண்டியதில்லை.

எந்தெந்தப் பணம்? தொழில்நுட்பப் படிப்பில் சேர்பவருக்கு, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமமான ஏ.ஐ.சி.டி.இ.யின் சக்ஷம் உதவித்தொகை. 40 சதவீதக் குறைபாட்டுச் சான்றும், 8 லட்சத்துக்குள் குடும்ப ஆண்டு வருமானமும் இருந்தால், ஆண்டுக்கு 50,000 ரூபாய். பட்டப்படிப்புக்கு நான்கு ஆண்டுகள் வரை, டிப்ளமோவுக்கு மூன்று ஆண்டுகள் வரை. முதலாம் ஆண்டில் சேரும்போதே விண்ணப்பிக்க வேண்டும், நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர் அந்த ஆண்டில்.

கலை, அறிவியல், வணிகம் படிப்பவருக்கு மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் துறை தரும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. பதினொன்றாம் வகுப்பு முதல் முதுகலை வரை இது உண்டு. வருமான வரம்பு 2.5 லட்சம். பட்டியலிடப்பட்ட உயர்தர நிறுவனங்களில் இடம் கிடைத்தவருக்குத் தனித் திட்டம் இருக்கிறது. அதில் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை, அத்துடன் பராமரிப்புத் தொகை, புத்தகச் செலவு, கணினி வாங்கவும் பணம். ஆராய்ச்சி செய்பவருக்குத் தேசிய ஃபெலோஷிப், வெளிநாட்டில் படிக்க விரும்புபவருக்கு வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை. ஐ.ஐ.டி.க்களில் இடம் பிடித்துவிட்டாயா? மாற்றுத்திறனாளி மாணவருக்கு அங்கே கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி!

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12 வரை படித்தவரா நீ? மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். குடும்பத்தின் முதல் பட்டதாரி என்றால் அதற்குரிய சலுகையையும் கேள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மாநில அரசின் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பம் கேள். வருமான வரம்பும் கடைசித் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும் என்பதால் நீ சேரும் ஆண்டின் வழிகாட்டியை ஒருமுறை படித்துவிடு. எதுவாக இருந்தாலும் கேட்டால்தான் கிடைக்கும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

சான்றிதழை மறைக்காதீர்கள்

பெற்றோரே, இந்தப் பகுதி உங்களுக்கு. எத்தனையோ வீடுகளில் பிள்ளைக்குக் குறைபாட்டுச் சான்றிதழ் வாங்கவே இல்லை. வாங்கினாலும் பீரோவுக்குள் துணிக்கு அடியில் வைத்திருக்கிறோம். "வெளியே தெரிந்தால் தங்கச்சி கல்யாணம் நின்றுவிடும்" என்கிறார் பாட்டி. "முத்திரை குத்திவிடுவார்கள்" என்கிறார் அப்பா. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சான்றிதழை மறைத்ததால் ஊர் உங்கள் பிள்ளையைப் பற்றிப் பேசாமல் இருந்ததா? "அடங்காத பையன்", "திமிர் பிடித்த பெண்", "வளர்க்கத் தெரியாத அம்மா" என்று பேசியதுதானே? அந்தப் பழிச்சொற்களைவிட, உண்மையைச் சொல்லும் ஒரு காகிதம் ஆயிரம் மடங்கு மேலானது.

அந்தச் சான்றுக்கான மதிப்பீட்டுக்குப் போவதற்கும் அஞ்சாதீர்கள். இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் 40 கூறுகள், 6 பிரிவுகளாக இருக்கின்றன. பிள்ளை எப்படிப் பழகுகிறது, எப்படிப் பேசுகிறது, ஒலிக்கும் ஒளிக்கும் தொடுதலுக்கும் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்று கவனித்தும், உங்களிடம் கேட்டும் மதிப்பெண் இடுவார்கள். அங்கே போய்ப் பிள்ளையின் பெருமையை மட்டும் பாடாதீர்கள். அவனுடைய கடினமான நாள் எப்படி இருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சான்றுக்கும், யூ.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் பதிவு செய்துவிடுங்கள். இடஒதுக்கீடு, உதவித்தொகை, தேர்வுச் சலுகை என்று எங்கே போனாலும் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான்.

விண்ணப்பத்தில் கோட்டை விடாதே

மத்திய அரசின் உதவித்தொகைகளுள் பெரும்பாலானவற்றுக்குத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். முதலில் ஒருமுறைப் பதிவு. பிறகு திட்டத்தைத் தேர்ந்தெடுத்து ஆவணங்களை ஏற்ற வேண்டும். யூ.டி.ஐ.டி. அட்டை, வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், கல்லூரியின் போனஃபைட் சான்றிதழ், கட்டண ரசீது, மாணவர் பெயரிலேயே ஆதாருடன் இணைத்த வங்கிக் கணக்கு. எல்லா ஆவணங்களிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார். ஓர் எழுத்து மாறினாலும் விண்ணப்பம் திரும்பி வரும்.

விண்ணப்பத்தைச் சமர்ப்பித்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்துவிடாதே. உன் கல்லூரியில் உதவித்தொகைக்குப் பொறுப்பான நோடல் அலுவலர் இணையத்தில் அதைச் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். அவர் மறந்தால் உன் விண்ணப்பம் அங்கேயே கிடக்கும். ஆகவே அலுவலகத்துக்குப் போ. ஒருமுறை கேள், மறுமுறையும் கேள். நேரில் பேசக் கடினமாக இருந்தால் கடிதமாக எழுதிக் கொடு. அடுத்த ஆண்டு புதுப்பிக்கவும் மறக்காதே. பட்டியல் போட்டு ஒழுங்காகச் செய்வது உனக்குப் பிடித்த வேலைதானே? அந்தக் குணம் இங்கே உனக்குப் பெரும் பலம்!

வகுப்பறையில் உனக்கு வேண்டியதைக் கேள்

மூன்றாவது கேள்வி, கூட்டமும் சத்தமும். ஆம், கேன்டீன் இரைச்சல் தலையைப் பிளக்கும். டியூப்லைட் மினுமினுப்பு கண்ணைக் குத்தும். திடீரென்று வகுப்பறை மாற்றினால் நாள் முழுக்கக் குலைந்துபோகும். இவற்றைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவதுதான் வீரம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. தேவையைத் தெளிவாகச் சொல்வதுதான் வீரம்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுது. நீளம் வேண்டாம். "எனக்கு ஆட்டிசம் உள்ளது. எனக்கு முன்வரிசையில் ஓரமான இருக்கை வேண்டும். பாட வேலைகளை வாய்மொழியாகச் சொல்வதுடன் எழுத்திலும் தர வேண்டுகிறேன். அதிகச் சத்தத்தில் காதுக் கவசம் அணிய அனுமதி வேண்டும். தேவைப்படும்போது சில நிமிடங்கள் அமைதியான இடத்தில் இருந்துவிட்டு வர அனுமதி வேண்டும்." அவ்வளவுதான். இதற்குச் சட்டத்தில் நியாயமான தகவமைப்பு என்று பெயர். அதை மறுப்பதும் பாகுபாடு என்றே சட்டம் வரையறுக்கிறது.

தேர்வில், தகுதியுள்ளவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் வீதம் கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல். கை எழுத ஒத்துழைக்காவிட்டால், உரிய மருத்துவச் சான்றுடன் சொல்வதை எழுதுபவரைக் கேட்கலாம். இதை வாங்கிக்கொள்வது ஏமாற்று வேலை என்று சக மாணவர் யாராவது முணுமுணுத்தால் தலை குனியாதே. விடை உன்னுடையது. அதை உன்னால் இயன்ற வழியில் வெளியே கொண்டுவரத்தான் அந்த நேரம்.

மறுத்தால் நிமிர்ந்து நில்

"எங்கள் கல்லூரியில் இதெல்லாம் கிடையாது" என்று ஒருவர் சொல்லலாம். அதோடு எல்லாம் முடிந்துவிடாது. மறுப்பை எழுத்தில் கேள். கல்லூரியின் சம வாய்ப்பு மையத்தை அணுகு. அதற்கு மேல் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார். அவரிடம் மனு கொடு.

விகாஷ் குமார் என்பவருக்கு எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறு. குடிமைப் பணித் தேர்வில் சொல்வதை எழுதுபவரைக் கேட்டார். 40 சதவீதம் இல்லை என்று மறுத்தார்கள். அவர் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை, உச்ச நீதிமன்றம் வரை போனார். 2021 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. சொல்வதை எழுதுபவரைப் பெறும் வசதியை 40 சதவீதக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருக்கக் கூடாது, தகவமைப்பு ஒவ்வொருவரின் தேவையைப் பொறுத்தது என்றது நீதிமன்றம். ஒருவர் விடாமல் கேட்டதால், அவருக்குப் பின்னால் வரும் ஆயிரக்கணக்கானோருக்கு வழி பிறந்தது. நீ இன்று எழுதும் ஒரு கடிதம், நாளை உன் கல்லூரியில் சேரப்போகும் இன்னொரு பிள்ளைக்கு வழி திறக்கும். அதை நினைத்துக்கொண்டு எழுது!

தோள் கொடுப்பவர்களே!

ஆட்டிசத்துக்குத் தாயின் பாசக் குறைவே காரணம் என்று அறிஞர்கள் எனப்பட்டோரே பழி சுமத்திய காலம் ஒன்று இருந்தது. பெர்னார்டு ரிம்லாண்டு என்ற அமெரிக்க உளவியலாளர் அந்தப் பழியை எதிர்த்து 1964-இல் புத்தகம் எழுதினார். அவர் ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் அப்பா. டெல்லியில் 1991-இல் 'ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பைத் தொடங்கிய மெர்ரி பரூவா, ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் அம்மா. இன்று நாம் அனுபவிக்கும் உரிமைகளுக்குப் பின்னால் இப்படிப்பட்ட பெற்றோரின் உழைப்பு இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு, தூக்கத்தைத் தொலைத்து, பிள்ளையோடு நடந்துகொண்டிருக்கும் தாயே, நீங்களும் அந்த வரிசையில் நிற்பவர்தான். உங்களுக்கும் சட்டத்தில் வழிகள் உண்டு. மத்திய அரசு ஊழியர் என்றால், ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பராமரிப்பாளராக வழக்கமான பணியிட மாறுதலிலிருந்து விலக்குக் கேட்கலாம். வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குப் பிள்ளையின் பராமரிப்புக்காகக் கழிவு உண்டு. பிள்ளைக்காகக் கேட்கும் நீங்கள் உங்களுக்காகவும் கேளுங்கள்.

அண்ணன்களே, அக்காக்களே! உங்கள் தம்பியைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு, புத்தகம் சொல்லித்தராத பாடம் தெரியும். அதையே தொழிலாக்கலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. அங்கே சிறப்புக் கல்விப் படிப்புகள் நடக்கின்றன. இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் அங்கீகாரம் பெற்ற சிறப்பாசிரியர்கள் நாட்டுக்கு இன்னும் நிறையத் தேவை.

கல்லூரி மாணவர்களே, சொல்வதை எழுதுபவராக முன்வாருங்கள். ஒருவருக்காக மூன்று மணி நேரம் எழுதுவது அவருடைய ஓர் ஆண்டைக் காப்பாற்றும். வசதி படைத்த பழைய மாணவர்களே, நீங்கள் படித்த கல்லூரிக்கு நுழைவாயில் வளைவு கட்டித் தருவதற்கு முன்னால், ஆட்டிசம் உள்ள ஒரு மாணவருக்கும், அவரைப் போன்றவர்களுக்காகச் சிறப்புக் கல்வி படிக்கும் ஒருவருக்கும் ஆண்டுதோறும் உதவித்தொகை போய்ச் சேரும்படி ஓர் அறக்கட்டளை நிதியை வையுங்கள். பேராசிரியர்களே, நோடல் அலுவலர்களே, உங்கள் ஒரு சொடுக்கில் ஒரு பிள்ளையின் படிப்பு இருக்கிறது. நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

இன்றே தொடங்கு

தம்பி, தங்கை, இன்று மூன்று வேலை செய். யூ.டி.ஐ.டி. அட்டை இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் பதிவு செய். இ-சேவை மையத்துக்குப் போய் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பி. உனக்குப் பொருந்தும் உதவித்தொகைகளின் பெயரையும் கடைசித் தேதியையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டு.

ஒரு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தைப் படி, திருத்து, மீண்டும் அனுப்பு. ஒரு கல்லூரி மறுத்தால் அடுத்த கல்லூரி. ஒரு பாடத்தில் தோற்றால் அடுத்த பருவம். உன் வாழ்க்கைக்குத் தீர்ப்பு எழுதும் பேனாவை ஊராரிடம் கொடுத்துவிடாதே. சட்டம் உன் பக்கம் இருக்கிறது. பணம் ஒதுக்கியாகிவிட்டது. இடமும் ஒதுக்கியாகிவிட்டது. அவை உனக்குரியவை. எழுந்து போய், உன் பெயரை எழுதி, அவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்!